உருகிய ரொப்லரோனும் மணலில் வறுத்த கச்சானும்

உஷ்! மெதுவா வாங்க. செருப்பை வாசலிலேயே விட்டிட்டு வாங்க. விடிய நாலு மணி. மன்னார்த் தீவுப் பேசாலையில் இந்த நேரம் விழித்திருப்பது கடலுக்குப் போகிற ஆட்களும் எங்கள் பெரியம்மாவின் குசினியும்தான். நத்தாருக்கு இன்னும் நாலைந்து நாள் கிடக்கிறது. பலகார வேலை நடக்கும்போது வெளியாள் எவரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். கண்ணூறு பட்டால் பதம் தப்பிவிடுமாம். நான் உங்களையும் கூட்டிக்கொண்டுதான் உள்ளே போகப்போகிறேன். வருவது வரட்டும்!

பயற்றம் பணியாரம் முந்தாநாளே முடிந்தது. கொக்கிஸ் பிஸ்கட் தகரத்துக்குள் போய்ப் பூட்டுப்பட்டுவிட்டது. இன்றைக்குக் கச்சான் சொக்லேட்டும், கஜு போட்ட சொக்லேட் ரொபியும். இரண்டும் வெயில் ஏறுமுன் முடிய வேண்டும். ஏன் இந்த அவதி என்று கேட்கிறீர்களா? கொக்கோக் கொழுப்பு உருகுவது ஏறக்குறைய 34 பாகை செல்சியஸில். வாயில் வைத்ததும் சொக்லேட் கரைகிற மாயமெல்லாம் அதனால்தான். நம் உடம்புச் சூடு 37. மன்னாரிலோ பகல் வந்தால் முப்பதைத் தாண்டுவது ஒரு செய்தியே இல்லை. தகரக் கூரைக்குக் கீழே அடுப்பும் எரிந்தால் குசினியே ஒரு வாய்தான், வைத்ததெல்லாம் கரையும். டிசம்பர் விடியலில் மட்டும் காற்று இருபத்தைந்துக்குப் பக்கத்தில் இறங்கி நிற்கும். அந்த இரண்டு மூன்று மணித்தியாலம்தான் பெரியம்மாவுக்குச் சுவிற்சர்லாந்து.

சுவிற்சர்லாந்து என்று வாய் தவறிச் சொல்லவில்லை. மேசையைப் பாருங்க! பேர்ணில் இருக்கிற எங்கள் மச்சான் குடும்பம் விடுமுறைக்கு வந்து இறங்கியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் சூட்கேசில் சட்டைக்கு நடுவே என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? ரொப்லரோன், ரொப்லரோன், இன்னும் ரொப்லரோன். தியடோர் ரொப்லரும் அவருடைய உறவினர் எமில் பவுமானும் 1908இல் அதே பேர்ண் நகரத்தில் உண்டாக்கிய சரக்கு. தேனும் பாதாமும் போட்ட நூகா, பால் சொக்லேட்டுக்குள் ஒளிந்திருக்கும். அங்கே மலை மலையாக நிமிர்ந்து நின்றது, கட்டுநாயக்காவில் இறங்கி, வானுக்குப் பின்னால் பெட்டிகளோடு அடைபட்டு, ஏறக்குறைய முந்நூறு கிலோமீற்றர் வந்து, மன்னார்ப் பாலத்தைத் தாண்டும்போது குழம்பாகிப் போயிருந்தது. இரவு மறுபடி இறுகியதில் மேலெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி வெள்ளை. மச்சாளுக்கு அழுகை வராத குறை.

"பழுதாப் போச்சு பெரியம்மா. கோழிக்குப் போடுவமா?"

"விசரா உனக்கு? கொண்டா இங்க!"

பெரியம்மா பௌதிகம் படித்தவர் இல்லை. ஆனால் அந்த வெள்ளை பூஞ்சணம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். உருகின கொழுப்பு ஒழுங்கில்லாமல் இறுகி மேலே வந்து நிற்பதுதான் அது. கொக்கோக் கொழுப்பு ஆறு வகையாகப் பளிங்காகும். அவற்றில் ஐந்தாவது வகைக்குத்தான் மினுக்கம், உடைக்கும்போது வரும் அந்த ‘டக்’ சத்தம், கையில் ஒட்டாத குணம் எல்லாம். ஏதோவொரு வேகத்தில் தானாக ஆறவிட்டால் மற்ற வகைகள் முந்திக்கொண்டு வந்து குந்திவிடும்: மங்கலாக, மாவாக, தொட்டால் கையில் அப்பிக்கொண்டு. தின்ன ஒரு பாதகமும் இல்லை. பார்க்கத்தான் பாவமாக இருக்கும். திரும்ப உருக்கி, முறையாக ஆற்றினால் பழைய அழகு திரும்பிவிடும். இந்தத் தீவில் நல்ல வீட்டுச் சொக்லேட் தொடங்குவது இப்படித்தான், வெளிநாட்டுச் சொக்லேட் தோற்றுப்போன இடத்தில்!

சொக்லேட்டுக்கு முதல் கச்சான். பின்வளவுக்கு வாங்க, சத்தம் போடாமல். வேலிக்கு மேலால் ஒரு கழுதை தலையை நீட்டிக்கொண்டு நிற்கும், பயப்பட வேண்டாம். மன்னாரில் கழுதைக்கு எல்லாக் குசினியிலும் ஒரு பங்கு உண்டு.

சிரட்டை நெருப்பில் பழைய இரும்புத் தாச்சி. அதற்குள் எண்ணெயும் இல்லை, நெய்யும் இல்லை. மணல்! கழுவிக் காயவைத்த மணல். மடுத் திருவிழாவில் கச்சான் விற்கிற ஆட்களின் வித்தை இது. தாச்சியின் அடிதான் கொதிக்கும், மேலே காற்று. வெறுமனே வறுத்தால் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் பச்சையாகக் கிடக்கும். மணல் கோதைச் சுற்றிலும் அணைத்துக்கொண்டு எல்லாப் பக்கமும் ஒரே சூடு கொடுக்கும். கோதோடு வறுப்பதால் பருப்பில் ஒரு மணலும் ஒட்டாது. பெரியப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அகப்பையால் கிளறிக்கொண்டே இருக்கிறார். ‘சர்... சர்...’ என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் அது மாறும். கோது காய்ந்து மணலோடு உரசும் சத்தம் மெலிதாகி, கலகலவென்று கேட்கத் தொடங்கும். அப்போது ஒன்றை எடுத்து உடைத்துப் பார்ப்பார். பருப்பு இளம் வைக்கோல் நிறத்தில் இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். இறக்கின பிறகும் கோதுக்குள் சூடு வேலை செய்துகொண்டுதான் இருக்கும். வெளியே ‘சரியான நிறம்’ என்று நினைத்து நின்றவர்கள் எல்லோரும் கருகல் தின்றவர்கள்.

அரிதட்டில் கொட்டினால் மணல் ஒரு பக்கம், கச்சான் ஒரு பக்கம். கோதுடைக்கிற வேலை பிள்ளைகளுடையது. அவர்கள் வாய்க்கும் சட்டிக்கும் எத்தனைக்கு எத்தனை பங்கு வைக்கிறார்கள் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. பிறகு சுளகு. உள்ளங்கையால் தேய்த்து, வாயால் ஊதாமல் சுளகால் ஒரு தட்டுத் தட்டினால் சிவப்புத் தோலெல்லாம் பறந்து போய்த் தூங்குகிற பூனைக்கு மேல் மழையாகக் கொட்டும். ஊதினால் எச்சில் ஈரம் படும். இன்றைக்கு ஈரம்தான் முதல் எதிரி. ஏனென்று உள்ளே போனதும் தெரியும்.

கஜு கதை வேறு. மன்னார் மாவட்டத்தின் தெற்குக் கரையில், முத்துக்குளிப்புக்குப் பேர்போன சிலாபத்துறைக்குப் பக்கத்துக் கொண்டச்சியில், ஒருகாலத்தில் பெரிய மரமுந்திரிகைத் தோட்டம் இருந்தது. பெரியம்மாவின் சின்ன வயதில் கோதோடு கஜுவை வாங்கி நெருப்பில் சுட்டு உடைப்பார்களாம். கோதுக்குள் இருக்கிற எண்ணெய் பொல்லாதது. தோலில் பட்டால் கொப்புளித்துவிடும், புகையே கண்ணையும் தொண்டையையும் கடிக்கும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைத்ததாகச் சொல்கிறார். இப்போது மன்னார் ரவுண் கடையில் உடைத்த பருப்பாகவே வாங்குகிறார். முழுப் பருப்பு வாங்குவதில்லை. ‘ரொபிக்குள்ள போறதுக்கு என்னத்துக்கு முழுசு?’ என்று பாதியும் உடைசலும்தான். மிகவும் சரி. விலையும் குறைவு, வெட்டும்போது கத்தியும் தடக்காது.

இந்த இடத்தில் தட்டத்தை ஒருமுறை பார்த்துவிடுங்க. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இதில் கிடக்கிறவர்களில் ஒருவராவது ஊர்க்காரரா? கச்சான் தென்னமெரிக்கா. கொக்கோவும் அந்தப் பக்கம்தான். மரமுந்திரிகை பிரேசிலில் இருந்து போர்த்துக்கேயர் கொண்டுவந்தது. 1560இல் மன்னார்க் கோட்டையைக் கட்டின அதே போர்த்துக்கேயர். வேலியில் நிற்கிற கழுதையையும் பள்ளிமுனைப் பெருக்க மரத்தையும் அரபு வியாபாரிகள் கொண்டுவந்தார்கள் என்றுதான் ஊரில் சொல்லுவார்கள். மணலும் உப்பும் மட்டும்தான் சொந்தம்.

சரி, இப்போது ரொபி. அடுப்பில் அடிகனமான சட்டி. ஒரு ரின்பால், அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறையச் சீனி, அரைக் கோப்பை தண்ணீர், நாலு மேசைக்கரண்டி கொக்கோத் தூள், ஒரு பெரிய கட்டி அஸ்ட்ரா மார்ஜரின். இலங்கையில் எந்த நத்தார் வீட்டிலும் மில்க் ரொபி உண்டு; கொக்கோ விழுந்தால் அது சொக்லேட் ரொபி. சீனியைத் தண்ணீரில் முழுதாகக் கரைத்த பிறகுதான் ரின்பால். ஒரு சீனிப் பரல் கரையாமல் சட்டி ஓரத்தில் ஒட்டியிருந்தாலும் அது தன் இனத்தையெல்லாம் கூப்பிட்டுச் சேர்த்து, பதத்துக்கு முன்னமே ரொபியை நறநறக்க வைத்துவிடும். கொக்கோவைக் கொஞ்சம் வெந்நீரில் குழைத்துத்தான் சேர்க்க வேண்டும். தூளாகப் போட்டால் கட்டி கட்டியாக மிதக்கும்.

கொக்கோத் தூள் என்று ஒன்று கிடைப்பதற்கே நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். கொக்கோவை அழுத்திக் கொழுப்பைப் பிரித்தெடுக்கும் முறைக்கு அவர்கள் 1828இல் உரிமம் எடுத்தார்கள். 1658இல் வந்து மன்னார்க் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தரின் ஆட்கள்தானே! இந்த ஒன்றுக்காக அவர்களை மன்னித்துவிடலாம் என்று நான் சொன்னேன். பெரியம்மா யோசித்துவிட்டு, "கேக்குக்கும் அவங்கதானே" என்றார்.

ரின்பாலுக்கும் ஒரு வரலாறு உண்டு. சொக்லேட்டில் சாதாரணப் பாலை ஊற்றினால் தண்ணீர் கெடுத்துவிடும். சுவிற்சர்லாந்தின் வெவே ஊரில் டானியல் பீற்றர் இதோடு மல்லாடி, 1875 அளவில் தண்ணீர் வற்றச் சுருக்கின பாலைச் சேர்த்துப் பால் சொக்லேட்டுக்கு வழி கண்டார். நம் வீட்டு ரின்பால் ரொபியும் அதே தந்திரம்தான். இதைக் கேட்ட மச்சாள், "அப்ப பெரியம்மா சுவிஸ்காரி!" என்று கைதட்ட, சட்டி கிளறுகிற கையால் அவளுக்கு ஒரு குட்டு விழப் பார்த்தது.

கிளறுவதை நிறுத்தக் கூடாது. முதலில் பெரிய குமிழி, பிறகு சின்னக் குமிழி, பிறகு அகப்பையை இழுத்தால் சட்டியின் அடி ஒரு கணம் தெரிந்து மூடும். அப்போது ஒரு கிண்ணத்துப் பச்சைத் தண்ணீரில் ஒரு துளி விடுவார். கரைந்து ஓடினால் இன்னும் கிளறு. விரலால் கூட்டியெடுத்தால் மெத்தென்ற உருண்டையாக நின்றால் இறக்கு. வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு அது 116 பாகைக்குப் பக்கம். இரண்டு பாகை கூடினால் கடிக்கப் பல் வேணும். குறைந்தால் கரண்டி வேணும். இறக்கியதும் கஜு, ஒரு மூடி வனிலா, ஒரு நுள்ளு உப்பு. எண்ணெய் பூசின தட்டத்தில் கொட்டி, வாழையிலைத் துண்டால் தடவி, சூடு முழுதும் ஆறுமுன் சரிவாகக் கோடு போட்டு வெட்ட வேண்டும். ஆறின பிறகு வெட்டப் போனால் பொல பொலவென்று உதிர்ந்துவிடும். உதிர்ந்ததைத் தின்ன ஆளில்லாமல் போகுமா என்ன? பிள்ளைகள் எல்லோரும் அது உதிர வேண்டும் என்று மனசுக்குள் செபம் சொல்லிக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

மணி ஐந்தரை. இனித்தான் உச்சக்கட்டம்!

உருகிப்போன ரொப்லரோனை எல்லாம் துண்டு துண்டாக வெட்டி ஒரு வட்டிலில் போட்டாயிற்று. கீழே சட்டியில் வெந்நீர். கொதிக்கக் கூடாது, ஆவி மட்டும். வட்டிலின் அடி தண்ணீரில் தொடக் கூடாது. கூரையில் இருந்து ஒரு சொட்டு, கரண்டியில் ஒரு சொட்டு, நெற்றியில் இருந்து ஒரு சொட்டு, எது விழுந்தாலும் கதை முடிந்தது. அதுவரை பட்டுப்போல் ஓடின சொக்லேட் ஒரே கணத்தில் களியாக இறுகிவிடும். சீனியும் கொக்கோத் துகளும் அந்தச் சொட்டைக் குடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வருவது. வாடைக்காலம் வேறு. பெரியப்பா துவாயோடு பக்கத்தில் நிற்பது பெரியம்மாவின் நெற்றியைத் துடைப்பதற்காக. சத்திரசிகிச்சைக் கூடத்தில்கூட இவ்வளவு மரியாதையை நான் கண்டதில்லை.

உருகி, நாற்பதைத் தாண்டி நல்ல சூடு வந்ததும் வட்டில் இறங்கும். இப்போது பெரியம்மா அலுமாரியைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுக்கிறார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கண்டோஸ்! புத்தம் புதுசு, மங்காதது, உடைத்தால் ‘டக்’.

தமிழ் வீடுகளில் எந்தச் சொக்லேட்டையும் கண்டோஸ் என்றே கூப்பிட்ட காலம் ஒன்று இருந்தது. டெல்ரா ரொபியில் தொடங்கி, கண்டோஸைப் பெரிதாக வளர்த்தெடுத்தவர் உபாலி விஜேவர்தன; 1983 பெப்ரவரியில் மலேசியாவில் இருந்து திரும்பும் வழியில் அவருடைய விமானம் மலாக்கா நீரிணைக்கு மேல் காணாமலே போனது. மலைநாட்டுக் கொக்கோவில் செய்த அந்தக் கட்டிக்கு இன்றைக்குப் பெரியம்மாவின் குசினியில் ஒரு உத்தியோகம் இருக்கிறது. அதைச் சீவிச் சீவி, உருகின ரொப்லரோனுக்குள் தூவுகிறார். ஒழுங்காக இறுகின சொக்லேட்டில் அந்த ஐந்தாவது வகைப் பளிங்கு ஏற்கனவே இருக்கிறது. அது போய் விழுந்ததும், வழி தெரியாமல் நின்ற கொழுப்பெல்லாம் அதைப் பார்த்துப் பார்த்து அதேபோல் அடுக்கிக்கொள்ளும். தயிருக்கு உறை குத்துவதுபோலத்தான். பேர்ண் சொக்லேட்டுக்கு இலங்கைக் கண்டோஸ் ஒழுக்கம் படிப்பிக்கிறது! மச்சான் மட்டும் கொஞ்சம் ரோசப்பட்டார்.

வெப்பமானி? இல்லை. கீழுதடு. அகப்பை நுனியில் ஒரு துளி எடுத்துக் கீழுதட்டின் அடியில் வைப்பார். சுட்டால் இன்னும் கிளறு. ஒன்றுமே தெரியாவிட்டாலும் இன்னும் கிளறு. ‘இலேசாகக் குளிருது’ என்று தோன்றினால் சரி. பால் சொக்லேட்டுக்கு வேண்டியது 30 பாகைக்குப் பக்கம், உதடு அதைவிடச் சூடு, ஆகவே குளிரும். எவ்வளவு நேர்த்தியான கருவி பாருங்க! கூடவே ஒரு கத்தி முனையைத் தோய்த்து ஓரமாக வைப்பார். ஐந்து நிமிசத்தில் மினுங்கிக்கொண்டு இறுகினால் உத்தரவு பிறக்கும்.

"கச்சானைக் கொட்டுங்க! கெதியா!"

கச்சான் சூடாக இருக்கக் கூடாது. சூடான கச்சான் போட்டால் இதுவரை பட்ட பாடெல்லாம் வீண். எல்லோரும் ஆளுக்கொரு தேக்கரண்டியோடு எண்ணெய்க் கடதாசிக்கு மேல் பாய்கிறோம். ஒரு கரண்டி, ஒரு தட்டு, ஒரு குவியல். ஒவ்வொரு குவியலின் தலையிலும் சின்னப் பிள்ளை ஒருத்தி மன்னார் உப்பில் ரெண்டு மூன்று பரல் வைத்துக்கொண்டு போகிறாள். பாலத்தைத் தாண்டி வரும்போது உப்பளங்களைப் பார்த்திருப்பீர்களே, அந்த உப்பு. அது இல்லாமல் இந்த இனிப்பை நான் தின்னவே மாட்டேன் என்று இப்போது சபதம் எடுத்திருக்கிறேன். நூகாத் துணிக்கைகள் அங்கங்கே பல்லில் கடிபட, மணலில் வறுத்த வாசனை பின்னால் வர, கடைசியில் உப்பு... ஐயோ, விடுங்க.

பிரிட்ஜில் வைக்கலாமே என்று மச்சாள் கேட்டாள். கூடாது. குளிரில் இருந்து வெளியே எடுத்தால் நம் காற்றில் இருக்கிற ஈரமெல்லாம் மேலே வியர்த்துப் படியும். சீனி கரைந்து மறுபடி காய்ந்து சொரசொரவென்று வெள்ளை பூக்கும். மின்விசிறிக்குக் கீழே மேசையில் கிடந்தால் போதும்.

கடையில் விற்கிற சமையல் சொக்லேட்டில் செய்தால் இந்த நாலு மணி எழும்பலே வேண்டாமே என்று கேட்பீர்கள். உண்மைதான். அதில் கொக்கோக் கொழுப்புக்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். உறைகுத்தவும் வேண்டாம், உதட்டில் வைக்கவும் வேண்டாம், உருக்கி ஊற்றினால் இறுகிவிடும், வெயிலையும் கொஞ்சம் தாங்கும். பாடசாலை விழாவுக்கு நூறு பிள்ளைகளுக்குக் கொடுப்பதென்றால் பெரியம்மாவும் அதைத்தான் வாங்குவார். ஆனால் அண்ணாக்கில் மெழுகு பூசினதுபோல் ஒரு படை நின்றுவிடும், எனக்குப் பிடிப்பதில்லை. வாங்கும்போது உறையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க, எந்தக் கொழுப்பு என்று எழுதியிருக்கும்.

இன்னொரு இரகசியமும் சொல்லிவிடுகிறேன். பனங்கட்டியைப் பாகாக்கி அதில் கச்சான் போட்டுச் செய்கிற கட்டி ஒன்று உண்டு. ருசிக்கு ஈடில்லை. ஆனால் பனங்கட்டி காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மத்தியானத்துக்குள் பிசுபிசுத்துவிடும். அதைச் சொக்லேட்டில் ஒருமுறை தோய்த்தெடுத்தால் கொழுப்பு ஒரு சட்டை போட்டதுபோல் மூடி ஈரத்தை வெளியே நிறுத்திவிடும். குட்டான் குட்டானாகப் பனங்கட்டி கிடைக்கிற காலத்தில் வாங்கி வைத்துக்கொள்கிறவர்களுக்கு நத்தாரில் இது கிடைக்கும்.

ஆறு மணிக்கு மேல் ஆகிவிட்டது. வெளியே வெளிச்சம். கரை வெட்டின வண்ணக் கடதாசியில் ரொபிகள் சுற்றப்படுகின்றன. பாலன் குடிலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டம், கரோல் பிள்ளைகளுக்கு ஒரு தட்டம், முஸ்லிம் அயல்வீட்டுக்கு ஒரு தட்டம். பெருநாளுக்கு அங்கிருந்து வட்டிலப்பம் வந்ததே! மேசைக்கால்கள் நாலும் தண்ணீர்ச் சிரட்டைக்குள் நிற்கின்றன, எறும்புக்கு.

வட்டிலின் அடியில் கொஞ்சம் சொக்லேட் மிச்சம். வழிக்க விரலை நீட்டின பிள்ளைகளைத் தள்ளிவிட்டுப் பெரியம்மா உள்ளே போய் ஒரு பேணியோடு வருகிறார். திறந்தால்... புழுக்கொடியல்! அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு, மெல்லிசாகச் சீவினது.

"பெரியம்மா, வேண்டாம்! அதையெல்லாம் சொக்லேட்டில தோய்க்கிறதா?"

"ஏன், பேர்ணில தோய்க்க மாட்டாங்களோ?"

தோய்த்து வைத்துவிட்டார். மின்விசிறி சுற்றுகிறது. மச்சான் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு நிற்கிறார், இன்னும் பத்து நிமிசம் என்கிறார் பெரியம்மா, சின்னவள் எட்டு நிமிசம் என்று பேரம் பேசுகிறாள்.